மலைக்குப் போன ஜெனரேட்டர்

1

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமைப் பிற்பகலில் எங்கள் குடியிருப்பில் கரண்ட் போய்விட்டது. ஊரில் இருக்கும் உங்களுக்கு இது ஒரு செய்தியே இல்லை என்று தெரியும். ஆனால் வடக்கு ஜெர்மனியின் இந்தச் சிறு நகரத்துக்கு நாங்கள் வந்து எட்டு வருடம் ஆகிறது. அதுவரை ஒரு தடவைகூட இப்படி நடந்ததில்லை. என் மனைவி அமலா அடுப்பில் பருப்பு வைத்திருந்தாள். இங்கே அடுப்பும் கரண்டில்தான் எரிகிறது. பருப்பு பாதி வேக்காட்டில் நின்றது. மகள் இனியாவுக்குப் பன்னிரண்டு வயது. அறையிலிருந்து ஓடிவந்து, “அப்பா, கரண்ட் விழுந்துடுச்சு” என்றாள். ஜெர்மன் மொழியில் கரண்ட் போவதில்லை, விழுகிறது. அவள் யோசிப்பது அந்த மொழியில். எங்களுக்காகத்தான் அதைத் தமிழாக்கிச் சொல்கிறாள். போச்சு என்று சொல்ல வேண்டும் என்று திருத்தினேன். எங்கே போச்சு என்று கேட்டாள்.

கொஞ்ச நேரத்தில் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. கட்டடத்தைப் பராமரிக்கும் முதியவர் கையில் டார்ச்சோடு நின்றிருந்தார். எங்கள் வீடு நான்காம் மாடியில் இருக்கிறது. கீழே மூன்று மாடிகளில் யார் கதவையும் அவர் தட்டியதாகத் தெரியவில்லை. நேராக எங்களிடம் வந்திருந்தார். பெரிய கருவி எதையாவது செருகினீர்களா என்பது அவர் கேள்வி. அவர் பேசும் வட்டாரப் பேச்சு எனக்கு இன்னும் பிடிபடவில்லை. இனியாதான் நடுவில் நின்று மொழிபெயர்த்தாள். நான் நாலு வாக்கியம் சொன்னேன். அவள் வாயிலிருந்து ஒன்றுதான் வெளியே போனது. என்ன சொன்னாய் என்று கேட்டதற்கு, “ஒண்ணும் இல்லன்னு சொன்னேன்பா” என்றாள். அந்த மூன்றும் எங்கே போயின என்று எனக்கு ஒரு சந்தேகம்.

முதியவர் என் தோளுக்கு மேலாகச் சமையலறையைப் பார்த்தார். மூலையில் துணி போர்த்திய கிரைண்டர் இருந்தது. கள்ளக்குறிச்சியிலிருந்து கப்பலில் வந்தது. அதை நோக்கி டார்ச்சை நீட்டினார். துணியை எடுத்துக் காட்டினேன். பிளக் சுவரிலேயே இல்லை. தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கிப் போனார். அடுத்த தெருவில் சாலை தோண்டியவர்கள் கேபிளை வெட்டிவிட்டார்கள் என்று பிறகு பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள். முதியவர் அதைச் சொல்ல வரவில்லை. தினமும் காலையில் அவருக்கு வணக்கம் சொல்கிறேன். அவரும் சொல்கிறார்.

அன்று மாலை பருப்பு ஆறிக்கொண்டிருந்தபோது எனக்கு என் தங்கை வீட்டுக்காரர் ஏழுமலையின் முகம் நினைவுக்கு வந்தது. கல்வராயன் மலைக்கு நான் ஒரு ஜெனரேட்டர் கொண்டுபோன கதையை இங்கே யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. உங்களுக்கு எழுதிவிடலாம் என்று தோன்றியது.

2

நாங்கள் நைனார்பாளையத்துக்காரர்கள். அப்பா கரும்பு வெட்டப் போய்க்கொண்டிருந்தவர், பிறகு சர்க்கரை ஆலையில் காவல் வேலை பார்த்தார். நான் நர்சிங் படித்தேன். தங்கை ஸ்டெல்லா ஆசிரியர் பயிற்சி முடித்து, வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். இரண்டு வருடம் கழித்து, அங்கேயே ஒருவரைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். மலைக்காரர், வேறு மதம், மரவள்ளி போடும் கொஞ்சம் நிலம், ஓட்டை பைக் ஒன்று. அதுதான் ஏழுமலை. அப்பா கேட்டது ஒரே கேள்விதான்: “காய்ச்சறவன் வூட்டுக்கா போற?”

மலை என்றதும் கீழே இருப்பவர்களுக்கு நினைவு வருவது சாராயம் ஒன்றுதான். ஏழுமலை காய்ச்சுகிறவர் இல்லை என்று ஸ்டெல்லா சொன்னாள். அவள் வேறு எப்படிச் சொல்வாள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். அப்பா சாகும்வரை மலை ஏறவில்லை. நானும் கல்யாணத்துக்குப் போனதோடு சரி, அடுத்த வருடமே ஜெர்மனிக்கு வந்துவிட்டேன்.

அவர்களுக்கு ஒரே மகள், தேன்மொழி. ஏழு வயது. அவளுக்குப் பிறவியிலேயே தசை பலம் குறைவு. நடக்க மாட்டாள். தூங்கும்போது மூச்சு ஆழமாக இழுக்க வராது. அதனால் முகத்தில் மாஸ்க் மாட்டி, காற்றைத் தள்ளும் ஒரு சின்ன இயந்திரத்தோடுதான் அவளைத் தூங்கவைக்க வேண்டும். வேலூரில் பார்த்த டாக்டர்கள் அப்படிச் சொல்லித்தான் அனுப்பினார்கள். இயந்திரத்துக்குள் இருக்கும் பேட்டரி பாதி இரவுகூடத் தாங்காது. மழைக்காலத்தில் மலையில் ஒரு மரம் கம்பி மேல் சாய்ந்தால் இரண்டு நாள், சில சமயம் மூன்று நாள் கரண்ட் வராது. அந்த இரவுகளில் ஸ்டெல்லா பிள்ளையை மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, அசந்து தூங்கவிடாமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பாளாம். மேகம் கறுத்தாலே பைக்கில் நடுவில் பிள்ளையை வைத்துக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு இறங்கி லாட்ஜில் தங்கியதும் உண்டு.

முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறவன் நான். இந்த மாதிரி இயந்திரங்கள் எனக்குப் பழக்கம். ஒரு ஜெனரேட்டர் வாங்கி வைத்தால் தீர்ந்தது என்று சொன்னேன். செலவு என்னுடையது, தாய்மாமன் சீர் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். ஸ்டெல்லா போனைக் கணவரிடம் கொடுத்தாள்.

ஏழுமலை வேண்டாம் என்றார். முதல் தடவை, சத்தம் ஜாஸ்தி என்றார். அடுத்த வாரம், பெட்ரோல் வாங்கக் கீழே இறங்க வேண்டும் என்றார். அதற்கடுத்து, புகை பிள்ளைக்கு ஆகாது என்றார். வெளியே கொட்டகை போட்டு வைக்கலாமே என்று நான் சொன்னதும், மழைத் தண்ணி உள்ளே வரும் என்றார். ஒவ்வொரு காரணத்தையும் நான் அடைத்தேன். அடைத்ததும் வேறு ஒன்று வந்தது.

நாலு காரணம் சொல்கிறவன் ஐந்தாவதை மறைக்கிறான் என்று எனக்குப் பட்டது. அதன் பிறகு நான் கேட்ட கேள்விகளின் தொனி மாறிவிட்டது. வாங்கித் தந்தால் எங்கே வைப்பீர்கள்? யார் ஓட்டுவார்கள்? வெளியாளுக்கு வாடகைக்குக் கொடுப்பீர்களா? ஏழுமலை எல்லாவற்றுக்கும் தாழ்ந்த குரலில், சின்னச் சின்ன வாக்கியங்களில் பதில் சொல்வார். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே ஒரு இடைவெளி இருக்கும். அது போன் லைனின் தாமதம். எனக்கு அது தெரியும். தெரிந்தும், அந்த இடைவெளியில் அவர் எதையோ யோசித்துக் கட்டுகிறார் என்றே தோன்றும்.

பொருள் வேண்டாம், பணமாகத் தந்தால் வாங்கிக்கொள்வாரோ என்று அமலாவிடம் கேட்டேன். “கேட்டாரா உங்களை?” என்றாள். கேட்கவில்லை. கேட்காததும் எனக்குச் சந்தேகமாக இருந்தது.

3

விடுமுறைக்குப் போய் நானே வாங்கிக் கொண்டுபோய் இறக்கிவிடுவது என்று முடிவு செய்தேன். ஜெர்மனியில் தங்க அனுமதிக்கும் என் வதிவிட அட்டை புதுப்பிக்கப் போயிருந்தது. அது வரும்வரை, வெளியே போய்த் திரும்பி வர ஒரு தாள் வேண்டும். அதற்காக வெளிநாட்டவர் அலுவலகத்தில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக்கு அப்பால் இருந்த அம்மாள் பயணத்தின் காரணத்தைக் கேட்டார்.

வாக்கியத்தை வீட்டிலேயே மனப்பாடம் செய்துதான் போயிருந்தேன். ஜெனரேட்டருக்கு இந்த மொழியில் ஒரு நீளமான சொல் உண்டு. கரண்ட் என்பதும் உண்டாக்குவது என்பதும் ஒட்டி வரும். பதற்றத்தில் முன்பாதியை விழுங்கிவிட்டேன். மீதிப் பாதி தனியாக நின்றால் பிள்ளையை உண்டாக்கிய ஆண் என்று பொருளாம். ஆக, தங்கை மகளுக்கு ஒரு அப்பனை விலைக்கு வாங்கித் தரப் போகிறேன் என்று அரசாங்க அலுவலகத்தில் சொல்லிவைத்தேன்.

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எதையோ தட்டச்சு செய்தார். நான் சொன்னதைவிட அது நீளமாக இருந்தது. தாள் கிடைத்துவிட்டது. ஆனால் என் பெயருக்குக் கீழே அவர் என்ன எழுதினார் என்று இன்றுவரை தெரியாது.

வீட்டில் சொன்னபோது இனியா விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம், இனிமேல் அலுவலகங்களுக்கு நானும் வருகிறேன், நான் பேசுகிறேன் என்றாள். ஊருக்கு வருகிறாயா என்று கேட்டேன். பள்ளியில் முகாம் இருக்கிறது என்றாள். முன்பெல்லாம் தேன்மொழியும் அவளும் போனில் படம் வரைந்து ஒருவருக்கொருவர் காட்டுவார்கள். இப்போது இருவரும் கையாட்டுவதோடு சரி.

4

கள்ளக்குறிச்சியில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் லாட்ஜில் தங்கினேன். மாவட்டத் தலைநகரம் ஆன பிறகு ஊர் வீங்கிப்போயிருந்தது. ஜெனரேட்டர் விற்கும் கடைகள் மூன்றில் ஏறி இறங்கினேன். முதல் கடையில் காட்டியது புதுசு என்றார்கள். போல்ட்டுகளின் விளிம்பில் ஸ்பேனர் பட்ட தழும்பு இருந்தது. புதுப் பெயின்ட் வாசனைக்கு அடியில் பழைய ஆயில் வாசனையும் வந்தது. இரண்டாவது கடையில் உள்ளே சுற்றியிருப்பது செம்புக் கம்பியா அலுமினியமா என்று கேட்டேன். “எல்லாம் ஒண்ணுதான் சார்” என்றார்கள். வெளியே வந்துவிட்டேன்.

மூன்றாவது கடைக்காரர் நடுவயதுக்காரர், மெதுவாகப் பேசுகிறவர். அவரும் முதலில் பெரியதைத்தான் காட்டினார். ஏசி, மோட்டார் எல்லாம் இழுக்கும் என்றார். எனக்கு ஒரு சின்ன இயந்திரம் ஓடினால் போதும், ஆனால் கரண்ட் ஏறி இறங்காமல் ஒரே சீராக வர வேண்டும், இல்லாவிட்டால் அதன் உள்ளிருக்கும் சர்க்யூட் போர்டு எரிந்துவிடும் என்று விளக்கினேன். அப்போதுதான் உள்ளேயிருந்து சூட்கேஸ் அளவில் ஒன்றைக் கொண்டுவந்தார். பெட்ரோலில் ஓடுவது, சத்தம் கம்மி, கரண்ட் சீராக வரும். மீட்டர் வைத்துக் காட்டச் சொன்னேன். பல்பு போட்டு, ஃபேன் போட்டு, இரண்டையும் அணைத்துப் போட்டு முள்ளைப் பார்த்தேன். அசையவில்லை. சீல், எண், உத்தரவாதம் எல்லாவற்றையும் இரண்டு தடவை பார்த்தேன். அவர் பொறுமையாக நின்றார். அந்தப் பொறுமைகூட எனக்கு உறுத்தியது.

எந்த ஊருக்கு என்று கேட்டார். வெள்ளிமலைக்கு மேலே என்றேன்.

அவர் என்னை மறுபடி ஒருமுறை பார்த்தார். “மலைக்கா சார்? யார் வூட்டுக்கு?” என்றார். தங்கை வீடு என்றேன். மேலே எதுவும் கேட்கவில்லை. பணத்தை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, பெட்ரோலைக் கேனில் எடுத்துப் போகாதீர்கள் என்று மட்டும் சொன்னார். தீப்பிடிக்கும் என்பதற்காகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு பெட்ரோல் பங்க்கில் கேனில் தர மறுத்தார்கள். சரக்கேற்ற நான் பேசியிருந்த குட்டியானை வண்டியின் டிரைவர், கச்சிராயபாளையம் போகும் வழியில் தனக்குத் தெரிந்த இடத்தில் இரண்டு கேன் நிரப்பித் தந்தார். மழைக்காலம் முழுக்க மாப்பிள்ளை பெட்ரோலுக்கு இறங்க வேண்டியதில்லை என்று நான் கணக்குப் போட்டேன். அவருடைய காரணங்களில் ஒன்றை வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போகிறோம் என்று திருப்தியாகவும் இருந்தது. நான் வருவதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லாமல் போனால்தான் வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரியும் என்று நினைத்தேன்.

5

மலையடிவாரத்தில் சோதனைச் சாவடி. கள்ளக்குறிச்சி என்று போனில் தட்டினால் முதலில் வருவது கள்ளச்சாராயச் சாவுச் செய்திதான். என்னோடு வேலை செய்கிற ஜெர்மன்காரர்களே அதைப் படித்துவிட்டு என்னைக் கேட்டிருக்கிறார்கள். அந்தச் சாவுகளுக்குப் பிறகு மலைப்பாதையில் காவல் கூடியிருக்கும் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

வண்டியை ஓரம் கட்டச் சொன்னார்கள். வயதான ஏட்டு ஒருவர் வந்து தார்பாயைத் தூக்கினார். ஜெனரேட்டரைப் பார்த்தார். கேன்களைப் பார்த்தார். ஒரு கேனின் மூடியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனார். இரண்டாவதையும் திறந்து மோந்தார்.

“மலைக்கு மேல உங்களுக்கு யாரு சார்?” என்றார்.

தங்கை என்றேன். கட்டிக்கொடுத்தீர்களா, அவளாகக் கட்டிக்கொண்டாளா என்று கேட்டார். இந்த ஜெனரேட்டரை வைத்து இராத்திரியில் அங்கே என்ன ஓட்டப்போகிறார்கள் என்று கேட்டார். பிள்ளையின் நோயைச் சொன்னேன். இயந்திரத்தின் படத்தைப் போனில் காட்டினேன். அவர் படத்தைப் பார்த்தார், நம்பினாரா என்று தெரியவில்லை. பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினேன். பொருள் என்னுடையது, என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

அவர் அதை வாங்கவே இல்லை. “நீங்க இன்னும் கொஞ்ச நாள்ல பிளேன் ஏறிடுவீங்க. உங்க பேர வச்சிக்கினு நான் இன்னா பண்றது? மேல இருக்கறவரு பேரச் சொல்லுங்க” என்றார்.

சொன்னேன். வரச்சொல்லுங்கள் என்றார். போன் செய்தேன். ஏழுமலை ஏன், எதற்கு என்று ஒன்றும் கேட்கவில்லை. “அங்கேயே இருங்க மச்சான், வந்துடறன்” என்றார்.

பைக்கில் வந்து இறங்கினார். கல்யாணத்தில் பார்த்ததைவிட மெலிந்திருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு நேராக ஏட்டு முன்னால் போய் நின்றார். செருப்பைக் கழற்றியிருந்தார். யாரும் அவரைக் கழற்றச் சொல்லவில்லை.

ஏட்டு கேட்க ஆரம்பித்தார். பெட்ரோலை எங்கே வைப்பாய்? எந்த நேரத்தில் ஓட்டுவாய்? வெளியாளுக்குக் கொடுப்பாயா? இத்தனை வருடம் இல்லாமல் இப்போது எதற்கு?

ஏழுமலை தாழ்ந்த குரலில், சின்னச் சின்ன வாக்கியங்களில் பதில் சொன்னார். வூட்டு பின்னாடிங்க ஐயா. கரண்ட் இல்லாதப்ப மட்டுங்க. யாருக்கும் குடுக்க மாட்டங்க. கொழந்தைக்குங்க.

அந்தக் குரலை நான் மாதக்கணக்கில் போனில் கேட்டிருந்தேன். அதுதான் அவருடைய குரல் என்று நினைத்திருந்தேன். வண்டியின் பக்கத்தில் நின்று அதைக் கேட்டபோது, எனக்குப் பதில் சொன்னபோதெல்லாம் அவர் என்னை எங்கே நிற்கவைத்திருந்தார் என்று புரிந்தது. முகம் சூடாகி, டிரைவரைப் பார்க்க முடியாமல் மலைப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஏட்டு கெட்டவர் இல்லை. “எங்களையும் மேல கேப்பாங்க சார்” என்று என்னிடம் சொன்னார். ஜெனரேட்டரை விட்டார். அதன் டேங்க்கில் கொள்ளும் அளவுக்கு ஊற்றிக்கொள்ளச் சொன்னார். கேன்களைச் சாவடியிலேயே இறக்கச் சொன்னார். ஏழுமலையின் பெயர், அப்பா பெயர், ஊர், போன் நம்பர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். என் பெயர் எங்கும் வரவில்லை.

6

ஸ்டெல்லா வாசலில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தவள் வண்டியில் இருந்ததைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். கோழிக் குழம்பு வைத்தாள். சாப்பிடும்போது அமலாவைப் பற்றியும் இனியாவைப் பற்றியும் கேட்டாள். சாவடியைப் பற்றி யாரும் பேசவில்லை. வீட்டில் நான் வேவு பார்க்க வந்தது ஒன்றுமில்லை. ஒரு கட்டில், பிள்ளையின் நாற்காலி, சுவரில் மாதா படம், அதன் பக்கத்தில் முருகர் படம், ஜன்னலுக்கு வெளியே மரவள்ளிக் கொல்லை. ஒன்றை மட்டும் கவனித்தேன். வீட்டில் ஒரு கேன்கூட இல்லை. தண்ணீர், எண்ணெய் எல்லாம் வாய் அகன்ற பாத்திரங்களில் இருந்தன.

தேன்மொழி நாற்காலியில் சாய்ந்தபடி ஜெனரேட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். “மாமா, இது எனக்கா?” என்று கேட்டாள். உனக்குத்தான் என்றேன்.

பின்பக்கம், வீட்டைவிட்டுத் தள்ளி இருந்த தகரக் கொட்டகையில் வைத்து ஓட்டிக் காட்டினேன். கடையில் அதன் சத்தம் ஒன்றுமே இல்லை என்று தோன்றியிருந்தது. மலையில் வேறு சத்தம் இல்லாததால் அது எதிர்ச்சரிவு வரை போனது. அங்கே கொல்லையில் குனிந்திருந்த இரண்டு பேர் நிமிர்ந்து எங்கள் பக்கம் பார்த்தார்கள். பார்த்துக்கொண்டே நின்றார்கள். ஏழுமலை அவர்களைப் பார்த்தார். கையை நீட்டி அணைத்துவிட்டார்.

அப்புறம் கொட்டகை ஓரத்திலேயே உட்கார்ந்து சொன்னார். அவருக்கு ஒரு அண்ணன் இருந்தார். ஏழுமலை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், ஒரு கல்யாணத்துக்குப் பெட்ரோமாக்ஸ் விளக்குக்காகக் கீழேயிருந்து மண்ணெண்ணெய் தூக்கிக்கொண்டு அந்த அண்ணன் மலை ஏறினார். கேனைப் பார்த்துப் பிடித்தார்கள். மண்ணெண்ணெய்தான் என்று அப்போதே தெரிந்தது. அப்படியானால் இதற்கு முன்னால் இந்தக் கேனில் என்ன இருந்தது என்று கேட்டார்கள். அதற்கு அவரிடம் சாட்சி இல்லை. வழக்கு ஒன்றுமில்லாமல் போக ரொம்ப நாளாயிற்று. திரும்பி வந்தவருக்குப் பெண் கொடுக்க யாரும் வரவில்லை. குடகுக்கு மிளகு பறிக்கப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார்.

“இந்த மலைல கேன் தூக்கிக்கினு நடக்கறவன், தண்ணி எடுத்துக்கினு போறான்னு யாரும் நெனைக்க மாட்டாங்க மச்சான்” என்றார் ஏழுமலை. இப்போது அவர் குரல் வேறாக இருந்தது.

இதை ஏன் போனில் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் தரையைப் பார்த்தார். ஸ்டெல்லா பின்வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

“சொல்லியிருந்தா நம்பியிருப்பியா அண்ணா? இவங்க அண்ணன் உள்ள போய்ட்டு வந்தாருன்னு மட்டுந்தான் உன் காதுல வுழுந்திருக்கும்” என்றாள்.

அவள் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை.

ஜெனரேட்டரைத் திரும்ப எடுத்துப்போய்க் கடையில் கொடுத்துவிடுகிறேன் என்றேன். வாங்காவிட்டால் வந்த விலைக்கு விற்றுவிடலாம், பேட்டரி, சோலார் என்று வேறு ஏதாவது பார்க்கலாம் என்றேன். ஐப்பசி மழையில் வாரக்கணக்கில் வெயில் முகமே தெரியாது என்று ஸ்டெல்லா சொன்னாள். ஏழுமலை எழுந்து உள்ளே போனார். பிள்ளையைத் தூக்கிவந்து மடியில் வைத்துக்கொண்டு, எதை எப்படித் திருப்புவது என்று என்னிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். தேன்மொழிதான் பொத்தானை அழுத்தினாள். எதிர்ச்சரிவில் இருந்தவர்கள் மறுபடி நிமிர்ந்தார்கள். இந்தத் தடவை அவர் அணைக்கவில்லை. “இருக்கட்டும் மச்சான். பேரு அங்க ஏறினது ஏறிடுச்சு” என்றார்.

7

நான் திரும்பி வந்த பிறகு ஊரில் மழை பிடித்தது. கரண்ட் போகும் நாட்களில் ஸ்டெல்லா போன் செய்வாள். பெட்ரோலுக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டபோதுதான் தெரிந்தது: ஏழுமலை கேன் எடுத்துப் போவதே இல்லை. மேகம் கட்டினால் பைக்கில் கீழே இறங்கி, பைக் டேங்க்கை முழுக்க நிரப்பிக்கொண்டு ஏறிவிடுகிறார். வீட்டுக்கு வந்து ரப்பர் குழாய் போட்டு அதிலிருந்து ஜெனரேட்டருக்கு இறக்குகிறார். சாவடியில் இரண்டு தடவை நிறுத்தினார்களாம். டேங்க்கைத் திறந்து பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்களாம். பிள்ளை மாஸ்க்கோடு படுத்துத் தூங்குகிறாள், தன்னாலும் கொஞ்சம் கண்ணை மூட முடிகிறது என்று ஸ்டெல்லா சொன்னாள். ஊரில் பேச்சும் இருக்கிறதாம். இராத்திரியெல்லாம் மிஷின் ஓடுகிறதே, ஏழுமலை வீட்டில் என்ன நடக்கிறது என்று பால்காரர் வரை கேட்டுவிட்டார்கள்.

சில வாரம் முன்பு அவள் போனில் அழுதாள். தேன்மொழிக்குச் சளி பிடித்திருந்தது. அந்தப் பிள்ளைக்குச் சளி என்றால் சாதாரணம் இல்லை. இருமித் துப்ப அவளுக்குப் பலம் கிடையாது. ஏன் சளி பிடித்தது என்று கேட்டேன். சொல்லத் தயங்கிவிட்டுச் சொன்னாள். ஜெனரேட்டர் ஓடும்போதெல்லாம் ஏழுமலை வாசல் கதவைத் திறந்தே வைக்கிறாராம். கொட்டுகிற மழையிலும் மூடுவதில்லையாம். விளக்கையும் போட்டுவைக்கிறாராம். அவள் சண்டை போட்டுப் பார்த்துவிட்டாள். மூடினால் எழுந்துபோய்த் திறந்துவிடுகிறார். நீ சொன்னால் கேட்பார், நீயே சொல் என்று போனை அவரிடம் கொடுத்தாள்.

நர்ஸ் பேசுகிற மாதிரிதான் பேசினேன். ஈரக் காற்று பிள்ளையின் நெஞ்சுக்கு ஆகாது, புகை பின்பக்கம்தான் போகிறது, வாசலைத் திறக்க எந்த அவசியமும் இல்லை என்றேன். ஒரு தடவையாவது மூடி வையுங்கள் மாப்பிள்ளை என்றேன்.

“மூடி வச்சா கேள்வி ஜாஸ்தியாவுது மச்சான்” என்றார் ஏழுமலை. “தொறந்து வச்சா, போறவங்க வர்றவங்க உள்ள பாக்கறாங்க. கொழந்த மாஸ்க் மாட்டிக்கினு தூங்கறது தெரியுது. பாத்துட்டுப் போயிடறாங்க.”

போனில் அவர் பக்கம் மழைச் சத்தமும், அதற்குப் பின்னால் ஜெனரேட்டரின் சத்தமும் கேட்டன. கம்பளி ஒன்று வாங்கி அனுப்பட்டுமா, இங்கே நல்லதாகக் கிடைக்கும் என்றேன்.

“அனுப்புங்க மச்சான். கனமா இருக்கறதா பாத்து அனுப்புங்க” என்றார். “கட்டில இந்தப் பக்கம் போட்டாத்தான் வாசல்லேர்ந்து அவ மொகம் தெரியுது. காத்து நேரா அவ மேலதான் வருது.”